தீயணைப்பு நிலையம் இல்லாத தெரு

டீ ஆறிப்போனால் பரவாயில்லை மேடம், எனக்கு ஆறிய டீதான் பிடிக்கும். சூட்டோடு குடிப்பவனுக்கு நாக்கு பொத்துப்போவதுதான் மிச்சம் என்று என் அண்ணன் சொல்வார். வீட்டில் எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் நாங்கள் இருவரும் டம்ளரைக் கையில் எடுப்போம்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு தெருவின் மின்சாரத்தை நிறுத்துவது ஆளா, கம்ப்யூட்டரா? முன்பு ஆள். இப்போது கம்ப்யூட்டர். ஆனால் எந்தத் தெருவைத் தொடக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் மின்சார அலுவலகத்தில் அந்த ஆள் நான். இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் தீயணைப்பு நிலையங்களிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்களிடம் முன்பு இருந்த கம்ப்யூட்டர் அமைப்பைப் 'பழசு' என்றுதான் எல்லோரும் சொல்வோம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நான் வேலைக்குச் சேரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்கள், மீதிப் பேர் உலகத்திலிருந்தே ஓய்வு பெற்றிருந்தார்கள். பில் போட ஒன்று, புகார் வாங்க ஒன்று, எந்தத் தெருவுக்கு எந்த டிரான்ஸ்பார்மர் என்று பார்க்க ஒன்று. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றோடொன்று பேசாது. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் சேர்க்க நாங்கள்தான் தூது போக வேண்டும்.

பழசில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வகை உண்டு. வீடு, கடை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தீயணைப்பு நிலையம். கோடையில் மின்சாரம் போதாமல் போகும்போது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒவ்வொரு தெருவாக நிறுத்திக்கொண்டு வருவார். நிறுத்தும் முன்பு அந்தத் தெருவில் மருத்துவமனையோ தீயணைப்பு நிலையமோ இருக்கிறதா என்று திரையில் ஒரு பார்வை பார்ப்பார். இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்.

அப்போது நான் புகார் கவுன்டரில் இருந்தேன். ஒருநாள் ஒரு பெண்மணி எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மாமியாருக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே மூச்சு மெஷின் வைத்திருந்தார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புமே, அந்த மெஷின். மின்சாரம் போனால் அது நின்றுவிடும்.

“அவங்க என்னைப் படுத்தின பாடு உங்களுக்குத் தெரியாது சார்,” என்றார் அந்தப் பெண்மணி. “இருந்தாலும் கரண்ட் போய்ச் செத்தாங்கன்னு இருக்கக்கூடாது. என்னைத்தான் சொல்வாங்க.”

நான் என் மேலதிகாரியிடம் போனேன். “பழசுல அதுக்குக் கட்டமே கிடையாதேப்பா. மேல எழுதிப் போடு,” என்றார். மேலே எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தலையைச் சொறிந்தார், நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வகைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். மருத்துவமனை என்று போட்டால் சுகாதாரத் துறையிலிருந்து யாராவது உரிமம் கேட்டு வருவார்கள். தீயணைப்பு நிலையத்தை யாரும் வந்து பார்ப்பதில்லை. எனவே அந்த மாமியாரைத் தீயணைப்பு நிலையம் ஆக்கினேன்.

பக்கத்துக் கவுன்டரில் இருந்த பெண்ணை நாங்கள் மைனா என்று கூப்பிடுவோம். வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது சூப்பரா இருக்கே,” என்றாள். அடுத்த வாரம் அவளும் ஒரு வீட்டுக்குப் போட்டாள். பிறகு எல்லாக் கவுன்டர்களுக்கும் பரவிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம், மூச்சு மெஷின் இருக்கிற வீடு என்றால் தீயணைப்பு போடு என்று காதோடு சொல்வோம். வீட்டுக்காரர்களிடம் மட்டும் சொல்லக்கூடாது. வெளியே தெரிந்தால் பொய்ப் பதிவு என்று எல்லோருடைய வேலைக்கும் வேட்டு. அதனால் அவர்களிடம், “நாங்க பார்த்துக்கறோம், கவலைப்படாம போங்க,” என்று மட்டும் சொல்வோம். அவர்களும் போய்விடுவார்கள். தங்கள் தெருவில் ஏன் மின்சாரம் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. நல்ல தெரு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தீயணைப்பு நிலையமா? எவ்வளவு பயந்த ஊருய்யா இது,” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த நாட்கள் நன்றாக இருந்தன மேடம்.

என் அண்ணன் கல் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. அவர் வீட்டுக்கும் மெஷின் வந்தபோது நானே தீயணைப்பு போட்டேன். அண்ணியிடம் மட்டும், விதியை மீறி, ஒரு வார்த்தை சொன்னேன். “உங்க தெருவுல இனிமே கரண்ட் போகாது அண்ணி, அதுக்கு நான் பொறுப்பு.” அவர்கள் அவசரத்துக்கு ஒரு பெரிய ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். அது கட்டில் பக்கத்தில் நின்று பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. “கூப்பிடாம வந்த விருந்தாளி மாதிரி நிக்குதுடா, உக்காருன்னாலும் உக்கார மாட்டேங்குது,” என்பார் அண்ணன். அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னதும் நான்தான். மெஷினுக்குள் இருந்த பேட்டரி தேவைப்படாமலே கிடந்து என்றோ செத்துப்போயிருந்தது. அதையும் யாரும் மாற்றவில்லை.

பிறகு 'புதுசு' வந்தது.

புதுசைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. அது அருமையான மென்பொருள். பில், புகார், டிரான்ஸ்பார்மர் எல்லாம் ஒரே இடத்தில். போதாததற்குச் சுகாதாரத் துறை, ஆம்புலன்ஸ், தீயணைப்புத் துறை, பிறப்பு இறப்புப் பதிவு என்று எல்லா அலுவலகமும் அதில் ஒரே குடும்பமாகச் சேர்ந்துவிட்டது. ஒரு துறையில் போட்ட எழுத்து அடுத்த நொடி இன்னொரு துறையில் தெரியும். பழசிலிருந்து புதுசுக்குத் தகவல்களை மாற்றும் முன்பு அவற்றைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. பழசின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவன் என்று டைரக்டர் என்னைப் போட்டார். அலுவலகத்தில் அன்றிலிருந்து என் பெயர் 'பினாயில்'. “பினாயில் வர்றாரு, காலைத் தூக்குங்க,” என்பாள் மைனா.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதைச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ. ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். இடித்துவிட்ட வீட்டுக்குப் பில் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த, பனி விலகி ஊர் தெரிவது போல இருக்கும். சில மதியங்களில் கண்ணை மூடினால் ஊர் முழுக்க ஜன்னல்களாகத் தெரியும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு ஜன்னல். பொய் இல்லாத ஓர் ஊரை நான் தனியாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

ஒருநாள் புதுசு எங்கள் தீயணைப்பு நிலையங்களைத் தீயணைப்புத் துறையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. உண்மையில் இருந்தவை சில. மற்ற எல்லாம் சிவப்பாக வந்து விழுந்தன.

“என்னய்யா இது, ஊரே தீயணைப்பு நிலையமா இருக்கு?” என்றார் டைரக்டர். கூட்டத்தில் மென்பொருள் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததும் உண்மை. ஆனால் முதல் தீயணைப்பு நிலையம் என் பெயரில் பதிவானது. ஊரின் பொய்களையெல்லாம் துடைக்க உட்கார்ந்தவன்தான் முதல் பொய்யை எழுதியவன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

“பழைய தட்டச்சுப் பிழை சார்,” என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். தட்டச்சுப் பிழை என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதுசில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. 'மருத்துவ முன்னுரிமை.' பழசில் இல்லாத, நாங்கள் இத்தனை வருடம் ஏங்கிய கட்டம். மருத்துவர் சான்றிதழை இணைத்தால் போதும், அந்தத் தெருவைப் புதுசு தொடாது. ஆனால் பழைய பதிவு ஒன்றை அதற்கு மாற்ற வேண்டுமென்றால், ஏன் மாற்றுகிறோம் என்று காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தட்டச்சுப் பிழைக்கு மருத்துவ முன்னுரிமை கொடுப்பது எப்படி? ஒவ்வொரு வீடாகப் போய்ச் சான்றிதழ் கேட்டால் விஷயம் ஊரெல்லாம் தெரியும். தொடக்க விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். டைரக்டர் காலையிலும் மாலையிலும் முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் 'வீடு' என்று மாற்றினேன். அது பொய்யல்ல, அவை வீடுகள்தான். தேவைப்படுகிறவர்கள் புதிதாக விண்ணப்பித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். விண்ணப்பிக்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நான்தான் இருந்தேன்.

ஒரு வீட்டை மட்டும் மருத்துவ முன்னுரிமைக்கு மாற்றினேன். அண்ணன் வீட்டை. அண்ணியிடம் சான்றிதழ் வாங்கி முறைப்படி இணைத்தேன். எல்லாம் சட்டப்படிதான். இருந்தாலும் அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. இது பாரபட்சம் இல்லையா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

புதுசு தொடங்கிய நாளில் அமைச்சர் ஒரு பொத்தானை அழுத்தினார். அது எதோடும் இணைக்கப்படாத பொத்தான், போட்டோவுக்காக வைத்தது. டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “பினாயில், நீ இல்லைன்னா இது நடந்திருக்காது,” என்றார். அவர் சொன்னது சரிதான்.

அந்த வருடம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. மின்சாரம் போதவில்லை. புதுசு தானாகவே தெருக்களைப் பொறுக்கி எடுத்து, முறைவைத்து, அழகாக நிறுத்தியது. முன்பு போல யாரும் போன் செய்து சிபாரிசு கேட்க முடியாது. முதலில் இறந்தவர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் கவுன்டருக்கு வந்து சத்தம்கூடப் போடவில்லை. “எங்க தெருவுல கரண்ட் போனதே இல்லையே,” என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். மைனாதான் என்னிடம் வந்து சொன்னாள். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நம்ம தீயணைப்பு எல்லாம் எங்கண்ணே போச்சு?”

“சரியான வகைக்கு மாத்தியாச்சு.”

“மருத்துவத்துக்கா?”

“எல்லாம் பார்த்தாச்சு மைனா. போய் வேலையைப் பாரு.”

“அப்பாடா. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்ணே.”

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தேன் என்பது உண்மை.

அவள் போன பிறகு எல்லா வீடுகளையும் திரையில் கொண்டுவந்தேன். அப்போதே மாற்றியிருக்கலாம். ஆனால் புதுசு எதையும் மறக்காது மேடம். யார், எப்போது, எதை, எதுவாக மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். அந்த வசதி வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டு வாங்கியவனே நான்தான். ஒருவர் இறந்த மறுநாள் இத்தனை வீடுகளை மாற்றினால் அது ஊர்வலம் போவது போலத் தெரியும். கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். ஆறுவதற்குள் இன்னொருவர் இறந்தார். அதற்குப் பிறகு மாற்றினால் முதலாமவருக்கு ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி வரும். ஒவ்வொரு மரணமும் அடுத்த திருத்தத்தை இன்னும் கொஞ்சம் கடினமாக்கியது. கெட்ட எண்ணத்தோடு நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம். நான் எதையுமே செய்யவில்லை.

அந்த முதல் மாமியாரும் போனார். மருமகள் இணைப்பின் பெயரை மாற்ற வந்தபோது என்னைத் தேடி மாடிக்கே வந்துவிட்டார். “இத்தனை வருஷம் உங்க புண்ணியத்துல இருந்தாங்க சார். கடைசி வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. இப்ப வீடு சத்தமே இல்லாம இருக்கு,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு ஒரு காலை டைரக்டர் எங்களைக் கூப்பிட்டார். மின்சாரம் நின்ற நேரங்களும் வீட்டில் நடந்த மரணங்களும் ஒன்றாக வருவதைச் சுகாதாரத் துறை கண்டுபிடித்திருந்தது. எல்லாத் துறையும் ஒரே குடும்பம் ஆகிவிட்டதே, அதனால் வந்த வினை. பழசிலிருந்து புதுசுக்கு வந்த பதிவுகள் இப்போது எந்த வகையில் இருக்கின்றன என்று ஒரு குழு ஆராயப் போவதாகச் சொன்னார். “நமக்கு என்னய்யா பயம், எல்லாம் பினாயில் போட்டுக் கழுவினது,” என்றார்.

என் இடத்துக்கு வந்து, குழு பார்க்கப் போவதை நானும் பார்த்தேன். தீயணைப்பு நிலையங்களாக இருந்தவை அத்தனையும் வீடுகளாக இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மருத்துவ முன்னுரிமையில் இருந்தது. அந்த வீட்டுக்காரரின் தகப்பன் பெயரும் என் தகப்பன் பெயரும் ஒன்று. அதைப் பார்க்கும் எவருக்கும் புரிந்துவிடும், தீயணைப்பு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது என்பது. தட்டச்சுப் பிழை என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வேறு ஒன்றும் தோன்றியது. அது உண்மையாகவே தோன்றியது, தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் மற்றவர்களுக்கு ஒரு நியாயம், என் அண்ணனுக்கு ஒரு நியாயமா? ரயில் டிரைவருக்கு இல்லாத சலுகை என் அண்ணனுக்கு எதற்கு? நான் அண்ணன் வீட்டையும் 'வீடு' என்று மாற்றினேன். காரணம் என்ற கட்டத்தில் 'தரவுத் திருத்தம்' என்று எழுதினேன். மாற்றம் பதிவாகும் என்று தெரியும். ஆனால் தனியாகப் போகிற ஒன்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழுக்கள் கடைசியில் வரும் தொகுப்பைத்தான் படிக்கும். எழுதி முடித்ததும் பல வாரங்களுக்குப் பிறகு மனசு லேசானது. இப்போது எல்லோரும் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னை அவர் ஆபீசர் என்றுதான் கூப்பிடுவார்.

“வாடா ஆபீசர். உன் புது மெஷின் ஆளையெல்லாம் தூக்குதாமே?”

“பேப்பர்காரன் எழுதறதுக்கு என்னண்ணா.”

“என் மெஷின் ஒருத்தனைக்கூடத் தூக்கலைடா. அண்ணியைக் கேளு, எவ்வளவு சாது.” அவருக்குச் சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு, “நம்ம தெரு மட்டும் தப்பிச்சுது. எல்லாம் உன்னாலதான்,” என்றார்.

அண்ணி வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, பக்கத்துத் தெருவுல எல்லாம் போயிட்டுப் போயிட்டு வருது. எனக்கு என்னமோ பக்குன்னு இருக்கு. அந்தச் சிலிண்டரைத் திரும்ப எடுத்து வெச்சுக்கட்டுமா?”

வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் அண்ணி, ஏன் தம்பி, ஏதாவது மாறிப்போச்சா என்று கேட்டிருப்பார். அண்ணி கேட்டால் விடமாட்டார். பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“எதுக்கு அண்ணி இடத்தை அடைச்சுக்கிட்டு. நான் இருக்கேன்ல,” என்றேன்.

“அதானே,” என்றார் அண்ணன். “வீட்டுலயே ஒரு ஆபீசரை வெச்சுக்கிட்டு இவளுக்கு சிலிண்டர் கேக்குது.”

புதன்கிழமை மதியம் திரையில் அவர்கள் தெருவின் பெயர் வந்தது. நிறுத்தும் நேரம், திரும்பக் கொடுக்கும் நேரம் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். இடையில் நீண்ட நேரம் இருந்தது. தெரு சிவப்பானது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

“தம்பி, கரண்ட் போயிடுச்சு.”

“அப்படியா அண்ணி? இதோ பார்க்கறேன்.”

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. என் எதிரில் இருந்தது. அந்தத் தெருவின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால் 'உடனே திரும்பக் கொடு' என்று ஒரு பொத்தான் வரும். அதிகாரம் உள்ள மூன்று பேரில் நானும் ஒருவன். அழுத்தினால் யார் அழுத்தியது, ஏன் அழுத்தினார் என்று பதிவாகும். குழு அப்போது எங்கள் மாடியிலேயே, பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தது.

“இப்ப வந்துடும் அண்ணி. சின்னக் கோளாறுதான். அண்ணனை நிமிர்த்தி உக்கார வைங்க.”

“வெச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்து விசிறிக்கிட்டிருக்கேன். உதடு ஒரு மாதிரி ஆகுது தம்பி. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?”

ஆம்புலன்ஸ் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அதில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆனால் புதுசில் ஆம்புலன்ஸும் எங்களோடு இணைந்தது மேடம். அழைப்பு வந்ததும் காரணம் கேட்பார்கள், மின்தடை என்று எழுதுவார்கள், அது முகவரியோடு நேராகக் குழுவின் திரையில் போய் விழும்.

“அது வர்றதுக்குள்ள கரண்ட் வந்துடும் அண்ணி. இந்த நேரத்துல அவரைத் தூக்கி இறக்கினா இன்னும் கஷ்டம். நான் லைன்லயே இருக்கேன்.”

அண்ணி போனை அண்ணன் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல இருந்தது.

“ஆபீசர்,” என்றார். பிறகு, “எப்படா?”

“இதோண்ணா.”

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி ஒரே சீராக விசிறிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. நான் போனை வைக்கவில்லை. லைனில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். குறித்த நேரத்தில் தெரு பச்சையானது. மெஷின் 'கீ' என்று ஒருமுறை கத்திவிட்டுத் தானாக ஓடத் தொடங்கியது போனில் கேட்டது. நல்ல மெஷின் அது.

குழுவின் அறிக்கை வந்தது. தகவல் மாற்றத்தில் எவருக்கும் தனிச்சலுகை காட்டப்படவில்லை, எல்லாப் பதிவுகளும் ஒரே அளவுகோலில் திருத்தப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தார்கள். டைரக்டர் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்துவிட்டு, சொந்த அண்ணனைப் பறிகொடுத்தும் ஒருநாள்கூட அதிகம் லீவு போடாதவன் என்று என் முதுகில் தட்டினார்.

மைனாதான் கண்டுபிடித்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் என்னைச் சந்தேகப்பட்டுத் தேடவில்லை. எல்லா வீடுகளையும் மருத்துவத்துக்கு மாற்றிவிட்டேன் என்றுதானே நம்பிக்கொண்டிருந்தாள்? அப்படியிருந்தும் அண்ணனின் தெருவைப் புதுசு ஏன் நிறுத்தியது, அதில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது, கம்பெனிக்காரர்களை ஒரு கை பார்க்க வேண்டும் என்று எனக்காகக் கிளம்பியவள். அண்ணன் வீட்டுப் பதிவைத் திறந்து, யார் கடைசியாக மாற்றினார்கள் என்று பார்த்திருக்கிறாள்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, “சார், உங்களைப் பார்க்க வெளியே ரெண்டு பேர் வந்திருக்காங்க,” என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடாதது அன்றுதான்.

நான் தெரிந்தே செய்தேனா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். கேள்வியைச் சுற்றி வளைத்துப் போக எனக்கு விருப்பமில்லை. மெஷினின் பேட்டரி செத்துக் கிடந்ததும் வீட்டில் சிலிண்டர் இல்லாததும் எனக்குத் தெரியும். மின்சாரம் எப்போது திரும்பும் என்பது என் கண் எதிரில் இருந்தது. அதுவரை அவர் தாங்கமாட்டார் என்பதும் தெரியும். பொத்தானை நான் அழுத்தவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட விடவில்லை. மற்ற வீடுகளில் நடந்ததும் எனக்குத் தெரிந்தே நடந்தது. இப்படியே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணி கீழே வந்து உட்கார்ந்திருப்பதாக உங்கள் காவலர் சொன்னார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், தம்பி கடைசி வரைக்கும் லைன்லயே இருந்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாராம்.

நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். என்னால் முடியாது. எல்லாவற்றையும் சொல்லுங்கள், எதையும் மறைக்க வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது, சொந்த அண்ணன் என்பதற்காக நான் பாரபட்சம் காட்டவில்லை என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வீர்களா மேடம்?